கிட்டங்கிச் சுவர்

இந்த அறைச் சுவருக்கு ப்ரைமர் அடிக்காமலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், மேடம். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது, திரும்பிப் பாருங்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் எந்தச் சுவரும் ஈரம் குடிக்காமல் இருக்காது. அடுத்த முறை பழையதை நன்றாகச் சுரண்டி, காயவிட்டு, அதற்குப் பிறகு ப்ரைமர் அடிக்கச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் நிற்கும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஏட்டய்யா எழுதினால் 'மேற்படி நபர்', 'மேற்படி சுவர்' என்று எழுதுவார். அது மேற்படி சுவர் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால், காலையில், சேக் தாவூது பாயின் ஜவுளிக் கிட்டங்கிச் சுவர் தெருப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதன் அடியில் பழக்கடை வைத்திருந்த பார்வதியம்மாள் இறந்துபோனார். சுவரில் இருந்த படம் நான் வரைந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருக்கிறீர்களே, எஞ்சினியர் முகம்மது ரபீக், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் மனைவி சஃப்ரின் கைக்குழந்தையோடு வாசலிலேயே நிற்கிறாள். கண்ணாடி உடையவே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது அவர் கண்ணால் பார்த்ததைத்தான். அவர் எடுத்த போட்டோக்களும் உண்மையானவை. அந்தப் போட்டோக்களில் இருக்கும் கண்ணாடி மட்டும் அவர் ஒட்டியதில்லை. நான் ஒட்டியது.

இதை அவர் மேல் இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரக்கம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் ஊர் வாட்ஸாப் குழுவில் இரண்டு நாளாக ஒரு பேச்சு ஓடுகிறது. படம் வரைந்ததால்தான் சுவர் ஊறி விழுந்ததாம். இனிமேல் ஊருக்குள் எந்தச் சுவரிலும் யாரும் படம் வரைய விடக்கூடாதாம். கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன் எல்லாம் இதை எனக்கு அனுப்புகிறான். படம் சுவரைத் தள்ளவில்லை. தை மாதமே இடித்து இறக்கியிருக்க வேண்டிய சுவர் ஆனி கடைசி வரைக்கும் நின்றது. நிற்க வைத்தது நான். அது பதிவாக வேண்டும்.

என் பெயர் நிவேதா. சொந்த ஊர் இலத்தூர். அப்பாவுக்கு அங்கே வயல் இருந்தது, இப்போது பாதி பிளாட்டாகிவிட்டது. சென்னையில் ஓவியம் படித்தேன். அங்கேயே விளம்பரக் கம்பெனி ஒன்றில் பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் பல வருஷம் படம் போட்டேன். போட்ட படம் எதிலும் என் பெயர் இல்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது, மெட்ராஸில் பிழைக்கத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

தென்காசிச் சுவர்கள் அப்போது எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். மூலநோய் வைத்தியம், டியூஷன் சென்டர், வாடகைக்குச் சாமியானா. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்ற எழுத்து, அந்த எழுத்தின் மேலேயே சிறுநீர். ரத வீதியிலிருந்து சந்தைக்குப் போகிற அந்தச் சின்னத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கேதான் பாயின் கிட்டங்கி. அவருடைய அப்பா காலத்தில் தறிச் சேலைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த இடம். இப்போது உள்ளே உடைந்த கட்டிலும் எலியும்தான். தெருவைப் பார்த்து ஜன்னலே இல்லாத ஒரே நெடுஞ்சுவர், மூன்று ஆள் உயரத்துக்கு மேல். பார்த்தவுடனே எனக்கு வயிற்றுக்குள் பசி மாதிரி ஒன்று வந்தது.

பாயிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வரைஞ்சுக்கோம்மா. எம்மவன் துபாயில இருந்து வந்து இதுல என்ன செய்யப் போறான்? வெறுஞ்செவரா நிக்கதுக்குப் படமாவது இருக்கட்டும். கட்சிக் கொடி மட்டும் வேண்டாம், கேட்டியா."

சாரம் கட்டி வரைந்தேன். மேலேயிருந்து சுவர் நெடுக அருவி இறங்கும். கீழே வரவர அந்த அருவித் தண்ணீர் தெருவாக மாறும், தெருவில் இந்த ஊர்க்காரர்கள் ஆள் உயரத்தில் நிற்பார்கள். சைக்கிள் தள்ளுகிறவர், பர்தாவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெண், தலையில் துண்டு போட்டவர். எல்லோரும் நிஜ ஆட்கள். உட்காரவைத்து வரைந்தேன். வெயிலில் வரைந்து வரைந்து என் கழுத்து கறுத்து, இன்னும் நிறம் திரும்பவில்லை.

படம் முடிந்த பிறகு அந்தத் தெருவில் ஒருவன்கூடச் சிறுநீர் கழிக்கவில்லை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடி ஜோடியாக வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்பும் கேரளக்காரர்கள் காரை நிறுத்தி, குடும்பத்தோடு நின்று படம் பிடித்தார்கள். எதிரில் டீக்கடை வந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகள் வந்து பறை அடித்தார்கள், கவிதை வாசித்தார்கள். கவிதைகள் சுமார்தான், ஆனால் வாசித்தார்கள். செத்துக் கிடந்த தெரு அது.

பார்வதியம்மாள் அதற்கு முன்னால் ஐந்தருவிப் பக்கம் சீசன் கடை போட்டுக்கொண்டிருந்தவர். மங்குஸ்தான், ரம்புட்டான், சீசன் இல்லாதபோது கொய்யா. அங்கே இருந்த இடம் போய்விட்டது என்று ஒரு நாள் சந்தையில் வைத்துச் சொன்னார். அவரையும் வரைந்திருந்தேன், சுவரின் அடிப்பகுதியில், கூடையோடு உட்கார்ந்த மாதிரி. நான்தான் அவரைக் கூப்பிட்டேன்.

"இங்கன யாரு பிள்ள வந்து பழம் வாங்குவா?" என்று கேட்டார்.

"வருவாவக்கா. ஒங்க படம் இருக்குல்லா. நீங்களும் இருந்தாத்தான் நல்லாருக்கும்."

தன் படத்துக்கு நேர் கீழே அவர் கூடையை வைத்து உட்கார்ந்தபோது, தெருவில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். சுவரில் ஒரு பார்வதியக்கா, தரையில் ஒரு பார்வதியக்கா. வருகிறவர்களுக்கு அந்தக் காட்சிதான் பிடித்தது. அவருக்கும் பெருமை. பழைய நீலச் சேலையைத்தான் நான் வரைந்திருந்தேன், அதனால் அந்த நிறத்திலேயே இன்னொன்று வாங்கிக்கொண்டார். வியாபாரமும் நன்றாக நடந்தது. அவருக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று யாராவது சொன்னால், அவருடைய மகன் மாரிச்செல்வத்திடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு வாழ்வு வந்ததே உங்களால்தான் என்று திருப்பூரிலிருந்து போன் பண்ணிச் சொன்னவன் அவன்.

போன கார்த்திகை மழையில் விரிசல் வந்தது. மேலே வெண்டிலேட்டர் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, அருவியின் நடுவே புகுந்து, பார்வதியக்கா படத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. தலைமுடி கனம்தான். பாயின் தங்கை மகன் ரபீக் கத்தாரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர், மாமாவுக்காக வந்து பார்த்தார். கையால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு போட்டுப் பார்த்தார்.

"பூச்சு வெடிப்பு இல்லக்கா இது. செங்கலோட சேந்து பொளந்திருக்கு. மேல தண்ணி போற வழி அடைச்சு உள்ள எறங்குது."

"அப்பம் இடிக்கணுங்கியா?"

"இப்பமே சொல்ல மாட்டேன். பழைய வெடிப்புன்னா அப்படியே நிக்கும். செவரு நகருதான்னு பாக்கணும்."

அதற்கு அவர் வைத்திருந்த வழி எளிமையானது. மெல்லிய கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட் குழைத்து ஒட்டினார். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் தேதி எழுதினார். கண்ணாடி வளையாது, இழுபடாது. சுவர் ஒரு நூலளவு நகர்ந்தாலும் உடைந்துவிடும். பூசி, கம்பி கட்டி, பலப்படுத்த முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் மேல்பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும் என்றார். மேல்பூச்சு என்று அவர் சொன்னது என் படத்தை.

"கண்ணாடி ஒடஞ்சா அதுக்கு மேல பேச்சே கெடையாது, மாமா. அன்னைக்கே தெருவ அடைச்சு செவர எறக்கிருவோம்" என்று பாயிடம் சொன்னார்.

பாய் என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

சரி என்றேன். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன். ரபீக்குக்குப் பல ஊர்களில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வர முடியும். கிளம்பும்போது, "நீங்கதான் தெனமும் வாறீங்க. ஒடஞ்சிருந்தா ஒரு போன் அடிச்சிருங்கக்கா" என்றார். அதற்கும் சரி என்றேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது நடுக் கண்ணாடி உடைந்திருந்தது. பிஸ்கட்டை ஒடித்த மாதிரி, நேர்க்கோட்டில், சுத்தமாக. போனைக் கையில் எடுத்தேன் என்பது உண்மை. ரபீக்கின் எண்ணையும் எடுத்தேன்.

பிறகு யோசித்தேன். கண்ணாடி எதற்கு வேண்டுமானாலும் உடையும். பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கிறது, ஆடு உரசுகிறது. ஒரு கண்ணாடித் துண்டு உடைந்ததற்காக ஒரு ஊரின் ஒரே படத்தை இடிப்பதா? கொச்சியிலிருந்து ஒரு குழு சீசனில் வந்து படத்தைப் பதிவு செய்வதாகச் சொல்லியிருந்தது. பெரிய புத்தகம் போடுகிறார்கள், அதில் தமிழ்நாட்டின் சிறு ஊர்களிலிருந்து என் சுவர் மட்டும்தான். சீசன் வரைக்கும் நின்றால் போதும் என்று நினைத்தேன். சாமி படத்துக்கு பிரேம் போடுகிற கடையில் வெட்டிப் போட்ட கண்ணாடி நிறையக் கிடைக்கும். அதே அளவில் வெட்டி வாங்கினேன். உடைந்ததைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினேன்.

தேதியையும் எழுதினேன், ரபீக்கின் கையெழுத்திலேயே. அவர் ஏழு போட்டால் நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுப்பார், ஒன்றுக்குத் தலையில் சின்னக் கொக்கி. மற்றவர்கள் கையெழுத்தைப் போடுவது எனக்குச் சிரமமே இல்லை. விளம்பரக் கம்பெனியில் பத்து வருஷமும் அதைத்தானே செய்தேன்.

மாதக் கடைசியில் ரபீக் வந்தார். நன்றாகப் பார்த்தார், போட்டோ எடுத்தார். அவர் சிரித்தார்.

"அசையவே இல்லக்கா. நான்தான் சும்மா பயந்துட்டேன் போல."

அன்றைக்கு இருந்த சந்தோஷம் படத்தை முடித்த அன்றுகூட எனக்கு இல்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பார்வதியக்கா அவருக்கு இரண்டு கொய்யாவைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டார்.

அதற்குப் பிறகு கண்ணாடிகள் உடைந்துகொண்டே இருந்தன. ஒன்று விட்டு ஒன்று, அப்புறம் எல்லாமே. நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள், எண்ணி வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. பையில் எப்போதும் துண்டுகள் கிடக்கும், கொஞ்சம் சிமென்ட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். தெருவில் எல்லோரும் படத்துக்கு டச்சப் செய்கிறேன் என்று நினைத்தார்கள். வேலை செய்கிறவளை இந்த ஊரில் யார் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்?

கண்ணாடி மட்டும் இருந்தால் போதாதே. விரிசலும் அகலமாகிக்கொண்டு வந்தது, பங்குனியில் சுண்டுவிரல் நுனி நுழையும். அதை ரபீக் பார்த்தால் கண்ணாடிக்கு அர்த்தம் இருக்காது. அதனால் சுவர்ப் பட்டி வைத்து அடைத்தேன், தேய்த்தேன், அருவியின் நிறத்தைச் சுற்றிலும் சேர்த்தேன். ஆனால் விரிசலே காணாமல் போனாலும் சந்தேகம் வரும் இல்லையா? ஆகவே மூடிய இடத்தின் மேல், மிக மெல்லிய பிரஷ்ஷால், கார்த்திகையில் இருந்த அதே தலைமுடி விரிசலைத் திரும்ப வரைந்தேன். அதன் ஓரத்து நிழல், அங்கங்கே சுண்ணாம்பு உதிர்ந்த புள்ளிகள், ஒரு இடத்தில் எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண். ரபீக் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் வாழ்க்கையில் வரைந்ததிலேயே அதுதான் உத்தமமான வேலை. யாரிடமும் காட்ட முடியவில்லை என்பதுதான் வருத்தம். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொரு தடவை தூக்குக் குண்டு போட்டிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார். சுவர் நடுவில் வயிறு தள்ள ஆரம்பித்திருந்தது. அவர் போடவில்லை, கண்ணாடியை நம்பினார். என்னையும் நம்பினார்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். கீழே ஆட்கள் இருக்கிறார்களே என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையா? நினைத்தேன். தினமும் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். குற்றாலத்தில் ஒவ்வொரு சீசனிலும் யாராவது வழுக்கி விழுந்து போகத்தான் செய்கிறார்கள். அதற்காக அருவியை மூடிவிடு என்று எவனாவது சொல்கிறானா? மறுநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்கிறான். இதே குற்றாலத்தில் சித்திர சபைக்குப் போய்ப் பாருங்கள், சுவர் சுவராகப் படம் இருக்கிறது. அங்கே சாரத்திலிருந்து விழுந்தவன் யார், கை போனவன் யார் என்று யாராவது விசாரித்தார்களா? படம் நிற்கிறது, பார்க்கிறோம். அழகு என்றால் ஆபத்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். இந்த ஊருக்கு அருவி விஷயத்தில் மட்டும் அது புரிகிறது.

வைகாசி கடைசியில் சாரல் ஆரம்பித்தது. அப்போதுதான் பார்வதியக்கா முதல் தடவையாகச் சொன்னார்.

"ஏ பிள்ள, இந்தச் செவரு முனங்குது. ஒனக்குக் கேக்கலியா?"

"மழச் சத்தமா இருக்கும்க்கா."

"மழச் சத்தம் எனக்குத் தெரியாதா? உள்ளுக்குள்ள நெறநெறங்குது. பழத்து மேல மண்ணு உதுந்துகிட்டே கெடக்கு. துடைச்சுத் துடைச்சு மாளல."

நான் கூடையிலிருந்து ஒரு ரம்புட்டானை எடுத்து ஊதிவிட்டு வைத்தேன். எலி ஓடுது, பழைய கிட்டங்கில்லா என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் மறுநாள் போனபோது கூடையை எதிரே டீக்கடை ஓரத்துக்கு மாற்றியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. சுவரின் அடியில் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. காரில் வந்த ஒரு கேரளக் குடும்பம், "ஆ பழக்காரி எவிடெ?" என்று அக்காவைத் தேடிக் கேட்டுவிட்டு இறங்காமலேயே போனது. கொச்சிக் குழு வருவதற்குச் சில நாட்கள்தான் இருந்தன. நான் பார்வதியக்காவிடம் போய் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினேன். அங்கே இருந்தால்தான் வியாபாரம் என்றேன். புத்தகத்தில் உங்கள் படம் வரப்போகிறது, திருப்பூரில் மாரிச்செல்வம் எல்லோரிடமும் காட்டுவான் என்றேன். எஞ்சினியரே மாதா மாதம் வந்து பார்க்கிறார், கண்ணாடி உடையவில்லை, நீங்களே பாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். முந்தின நாள்தான் ஒட்டியிருந்தேன்.

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "படிச்ச பிள்ள நீ, ஒனக்குத் தெரியாததா" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தார்.

கொச்சிக் குழு வரவில்லை. அங்கே மழை, வெள்ளம், அடுத்த மாதம் வருகிறோம் என்று செய்தி அனுப்பினார்கள். அதனால் நான் இன்னும் கொஞ்ச நாள் சுவரை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி அந்தக் காலை. அதைப் பற்றி நான் சொன்னதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். டீக்கடையில் நின்றிருந்தேன், சத்தம் கேட்டுத் திரும்பினேன், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, கத்தக்கூட நேரமில்லை. இந்த மூன்று நாளும் கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் நடந்தது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் நானே எழுதுகிறேன் என்றேன்.

அன்று விடிந்தவுடனே போய்விட்டேன். இரவெல்லாம் மழை. எல்லாக் கண்ணாடியும் உடைந்திருந்தது, துண்டுகள் தரையில். நான் வரைந்த விரிசலுக்குப் பக்கத்தில், அதை மதிக்காமல், நிஜ விரிசல் வேறு வழியாகத் திறந்திருந்தது. உள்ளங்கையை வைத்தேன். சுவர் நடுங்கியது. பையில் புதிய துண்டுகள் இருந்தன, எடுக்கவில்லை. இன்றைக்கு விழுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் மழை விட்டு, வெயில் ஒரு கீற்று ரத வீதிப் பக்கமிருந்து சுவர் மேல் விழுந்தது. நனைந்த சுவரில் நிறங்கள் அப்படி எழுந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அருவி நிஜமாகவே இறங்குவது போலிருந்தது. கொச்சிக்காரர்கள் இனி வந்து எதைப் பதிவு செய்வார்கள்? ஒரு நல்ல போட்டோவாவது வேண்டும் என்று நினைத்தேன். டீக்கடைக்காரரிடம் ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி நின்றேன். பார்வதியக்கா அதற்குள் வந்து கூடையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் போட்டோவை ஊரே பார்த்தாகிவிட்டது. மாரிச்செல்வம் வந்து, அம்மாவின் நல்ல படம் ஒன்று இருக்கிறதா அக்கா என்று கேட்டான். அதைத்தான் கொடுத்தேன். தெருமுனையில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் இருப்பது அதுதான், சுவர் தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கிறார். எப்போது எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. என் போன் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, முழுப் படமும் அதில் இருக்கிறது, எடுத்த நேரமும் இருக்கிறது. முழுப் படத்தைப் பாருங்கள். ஃபிளெக்ஸில் பாழாக்கிவிட்டார்கள்.

ஆகவே நேரமில்லை என்று நான் சொன்னது பொய். நேரம் இருந்தது. தெரு அகலம்தான் எங்களுக்கு நடுவில். அவரிடம் பேசவும் செய்தேன். மழை விட்டும் தூறிக்கொண்டிருந்த சாரல் பழத்தின் மேல் படாமலிருக்கப் பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தார், அது சுவரில் இருந்த அவர் முகத்தை மறைத்தது.

"யக்கா, கொடைய மடக்குங்க" என்றேன்.

மடக்கினார். சேலை முந்தியைச் சரிசெய்துகொண்டார். "மூஞ்சி தெரியுதா பிள்ள?" என்று கேட்டார். தெரியுது, அசையாம இருங்க என்றேன்.

எழுந்து வாங்க என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார், மேடம். நான் எது சொன்னாலும் கேட்கிறவர். ஆனால் அவர் இல்லாமல் அந்தப் படம் முழுமையாகாது.